காற்றும் உணவும் தொண்டையில் எப்படி வழி மாறாமல் போகின்றன?

கேள்வியைச் சுருக்கமாக இங்கே தருகிறேன்: "சாப்பாடும் மூச்சும் ஒரே தொண்டை வழியாகத்தான் போகின்றன. பிறகு எப்படிக் கலக்காமல் இருக்கின்றன? எபிகிளாட்டிஸ் என்ற மூடி கதவு மாதிரி மூடிக்கொள்ளும் என்று பள்ளியில் படித்தோம், அவ்வளவுதானா? குரல்நாண் என்பது உண்மையிலேயே நாண் போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறதா? சில நாள் தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பது போல இருக்கிறதே, அது என்ன?"

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் குரல் கெட்டுப்போனவர்களுக்கும் பயிற்சி கொடுப்பது என் தொழில். இந்த நான்கில் ஏதாவது ஒன்றை யாராவது என்னிடம் கேட்காத நாள் குறைவு. நான்குக்கும் வேர் ஒன்றுதான்: தொண்டையின் முதல் வேலை நுரையீரலைக் காப்பது. விழுங்குவதும் பேசுவதும் அந்தக் காவலைச் சுற்றி அமைந்தவை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். கழுத்தின் முன்பக்கம், நடுவில், கெட்டியாக ஒரு மேடு தட்டுப்படும். அதன்மேல் ஆள்காட்டி விரலை லேசாக வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்குங்கள். மேடு சட்டென்று மேலே ஏறி, விரலைத் தாண்டிப் போய், மறுபடி கீழே இறங்கி உட்காரும். மொத்தம் ஒரு நொடிதான். அந்த ஏற்றத்தில் உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அது ஏன் ஏறுகிறது என்பதற்கு முன்னால் உள்ளே இருக்கும் இடத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேச்சுவழக்கில் தொண்டை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. ஒன்று, மூக்கின் பின்பக்கத்தில் மண்டையோட்டின் அடியிலிருந்து தொடங்கிக் கழுத்தின் அடிப்பகுதிவரை இறங்கும் தசைக்குழல். பெரியவர்களுக்கு 12 முதல் 14 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். குழல் என்றாலும் அதற்கு முன்சுவர் சரியாகக் கிடையாது. மேலே மூக்கை நோக்கியும், நடுவில் வாயை நோக்கியும், கீழே குரல்வளையை நோக்கியும் திறந்திருக்கும். வாயை 'ஆ'வென்று திறந்து கண்ணாடியில் பார்த்தால் தெரிவது நடுப்பகுதி மட்டும்தான். மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று குரல்வளை. நீங்கள் விரல் வைத்த மேடு அதன் முன்முனை. ஒன்பது குருத்தெலும்புகளை மூட்டும் தசைநாரும் போட்டுச் சேர்த்த பெட்டி அது. முன்னால் கேடயம் போல ஒரு பெரிய குருத்தெலும்பு. அதற்குக் கீழே மோதிரம் போல ஒன்று, மூச்சுப்பாதை முழுவதிலும் முழு வட்டமாக இருக்கும் ஒரே குருத்தெலும்பு வளையம் இதுதான். இதற்குக் கீழே மூச்சுக்குழாயில் வருபவை எல்லாம் பின்பக்கம் திறந்த அரைவட்டங்கள். இந்தப் பெட்டி முழுவதும் நாவடி எலும்பு என்ற குதிரை லாட வடிவ எலும்பிலிருந்து தொங்குகிறது. அந்த எலும்போ உடம்பில் வேறு எந்த எலும்போடும் மூட்டு சேராமல், தசைகளிலும் தசைநார்களிலும் மிதந்துகொண்டிருக்கிறது. அப்படி மிதப்பதால்தான் குரல்வளை அவ்வளவு லேசாக மேலே ஏற முடிகிறது.

இனி சிக்கலுக்கு வருவோம். மேலே, மூக்கு வழியாக வரும் காற்று பின்பக்கம் இருக்கிறது. வாயில் இருக்கும் உணவு முன்பக்கம் இருக்கிறது. கீழே போனால் இது தலைகீழ். மூச்சுக்குழாய் முன்னால், உணவுக்குழாய் பின்னால். ஆக, காற்று பின்னாலிருந்து முன்னால் வந்தாக வேண்டும், உணவு முன்னாலிருந்து பின்னால் போயாக வேண்டும். இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் நாற்சந்தி நடுத்தொண்டை. நாம் விழுங்கும் ஒவ்வொரு துணுக்கும் மூச்சுக்குழாயின் வாயைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது என்ற விசித்திரத்தை டார்வின் 1859-லேயே எழுதிவைத்தார். இந்த அமைப்பு நமக்கு மட்டும் உரியது இல்லை, மற்ற பாலூட்டிகளுக்கும் உண்டு. ஆனால் பெரும்பாலான பாலூட்டிகளில் குரல்வளை உயரத்தில் இருப்பதால் அது மூக்கின் பின்புறத்தோடு ஏறக்குறைய கோர்த்துக்கொள்கிறது. பச்சிளங்குழந்தைக்கும் அப்படித்தான், குரல்வளை மேலே இருக்கும், எபிகிளாட்டிஸின் நுனி மெல்லண்ணத்தை, அதாவது வாய்க்கூரையின் மென்மையான பின்பகுதியைத் தொடும் அளவுக்கு. வளர வளர அது கழுத்தில் கீழே இறங்குகிறது. குழந்தை ஒரே நேரத்தில் மூச்சும் விட்டுப் பாலும் குடிக்கும் என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. விழுங்கும் அந்தக் கணத்தில் குழந்தையும் மூச்சை நிறுத்தத்தான் செய்கிறது.

சரி, ஒரு மிடறு தண்ணீரை எடுத்துக்கொள்வோம். மிடறு என்றால் தொண்டை என்றும் பொருள், ஒரு முறை விழுங்கும் அளவு என்றும் பொருள். பாதைக்கும் அதில் போகும் அளவுக்கும் ஒரே பெயர் வைத்தவர்கள் இதைக் கவனித்துத்தான் வைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

தண்ணீர் நாக்கின் மேல் ஒரு குழிவில் நிற்கிறது. இதுவரை எல்லாம் உங்கள் விருப்பம்; வேண்டுமானால் துப்பிவிடலாம். நாக்கு மேலண்ணத்தில் நுனியிலிருந்து பின்பக்கமாக அழுந்திக்கொண்டே போய்த் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. தண்ணீர் அடிநாக்கைத் தாண்டியதும் பொறுப்பு மூளைத்தண்டின் கைக்குப் போய்விடுகிறது. இனி நினைத்தாலும் நிறுத்த முடியாது. மெல்லண்ணம் மேலெழுந்து பின்சுவரில் ஒட்டி மூக்குப் பாதையை அடைக்கிறது. (தண்ணீர் வாயில் இருக்கும்போது சிரித்துவிட்டால் மூக்கு வழியாக வருவது இந்த அடைப்பு நழுவியதால்தான்.) மூச்சு நிற்கிறது. நாவடி எலும்பு மேலும் முன்னுமாக இழுபட, அதோடு குரல்வளையும் ஏறி அடிநாக்கின் கீழே போய் ஒளிந்துகொள்கிறது. உங்கள் விரல் உணர்ந்தது இதைத்தான். காற்றின் வாசல் தானே நகர்ந்து உணவின் பாதையிலிருந்து விலகிவிடுகிறது.

ஒளிந்துகொண்டால் மட்டும் போதாது. உள்ளே இரண்டு குரல்நாண்களும் நடுவில் வந்து சேர்கின்றன. அவற்றுக்கு மேலே பொய்க் குரல்நாண்கள் என்று இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது, அதுவும் நெருங்குகிறது. அதற்கும் மேலே, குரல்வளையின் பின்பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறிய குருத்தெலும்புகள் முன்னால் சாய்ந்து எபிகிளாட்டிஸின் அடிப்பகுதியோடு முட்டிக்கொள்கின்றன. கடைசியில்தான் எபிகிளாட்டிஸ் இலை மாதிரிப் பின்னால் மடிகிறது. அதுவும் பெரும்பாலும் தன் பலத்தில் மடிவதில்லை. குரல்வளை ஏறுவதும் அடிநாக்கு பின்னால் அழுத்துவதும் மேலிருந்து உணவு வருவதும் சேர்ந்து அதை மடக்கிவிடுகின்றன.

அதனால்தான் கதவுக் கதை எனக்குப் பிடிப்பதில்லை. எபிகிளாட்டிஸ் ஒரு நல்ல உதவியாள், காவலின் முழுப் பொறுப்பும் அதனுடையது இல்லை. நோயால் அதை அறுவை செய்து எடுத்துவிட்டவர்களில் பலர் பயிற்சிக்குப் பிறகு வாயாலேயே சாப்பிடுகிறார்கள். மாறாக, எபிகிளாட்டிஸ் முழுசாக இருந்தும் குரல்வளை மேலே ஏறாதவருக்கு ஒரு மிடறு தண்ணீர்கூட ஆபத்து. எபிகிளாட்டிஸ் செய்யும் இன்னொரு வேலையும் உண்டு. ஆற்றின் நடுவே நிற்கும் பாறை மாதிரி நின்று வரும் திரவத்தை இரண்டாகப் பிரித்து, குரல்வளையின் இரண்டு பக்கமும் உள்ள பள்ளங்கள் வழியாக ஓட வைக்கிறது. நட்டநடுவில் இருக்கும் மூச்சு வாசலுக்கு மேலே நேராக விழ வேண்டிய தண்ணீர் ஓரமாகச் சுற்றிப் போகிறது. முள் சிக்கும்போது மருத்துவர்கள் டான்சிலையும் அடிநாக்கையும் பார்ப்பதோடு இந்தப் பள்ளங்களையும் பார்ப்பது இதனால்தான்.

அப்புறம் உணவுக்குழாயின் வாசல். அதன் மேல்முனையில் ஒரு தசை வளையம் எப்போதும் இறுக்கி மூடியே இருக்கும், இல்லாவிட்டால் ஒவ்வொரு மூச்சுக்கும் வயிற்றுக்குள் காற்று போகும். விழுங்கும்போது அந்தத் தசை தளர்கிறது. தளர்ந்தால் மட்டும் அது திறந்துவிடாது. முன்னால் நகரும் குரல்வளை அதைப் பிடித்து இழுத்துத் திறக்கிறது. ஒரே ஏற்றத்தில் மூச்சு வாசல் மூடுகிறது, உணவு வாசல் திறக்கிறது. உடம்பில் எனக்கு மிகவும் பிடித்த இயக்கம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். ஐந்து மூளை நரம்புகளும் 25-க்கும் மேற்பட்ட ஜோடித் தசைகளும் ஒரு நொடிக்குள் வரிசை தப்பாமல் இதைச் செய்து முடிக்கின்றன. எச்சிலையும் சேர்த்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 முறை, தூக்கத்திலும்கூட.

மூச்சைப் பற்றி ஒன்று. பெரும்பாலும் நாம் மூச்சை வெளிவிடும் பாதியில் நிறுத்தி, விழுங்கி, மீதியை வெளியே விடுகிறோம். வாசலில் ஏதாவது ஒட்டியிருந்தால் அந்த மீதிக் காற்று அதை மேலே ஊதிவிடும். சாப்பிட்டுக்கொண்டே பேசும்போதும் சிரிக்கும்போதும் இந்த ஒழுங்கு குலைகிறது. விழுங்கி முடிக்கும் முன் உள்ளிழுத்துவிடுகிறோம், புரையேறுகிறது. குரல்வளையின் உட்புறத் தோல் உடம்பிலேயே கூர்மையான உணர்வுள்ள இடங்களில் ஒன்று. ஒரு துளி பட்டால் போதும், குரல்நாண்கள் இறுக்க மூடி, அடியில் காற்று அழுத்தம் ஏறி, திடீரென்று திறந்து வெடிக்கும். அதுதான் இருமல். புரையேறியவர் பலமாக இருமிக்கொண்டிருந்தால் அவரை இரும விடுங்கள். அந்த நேரத்தில் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இருமவும் முடியாமல், பேசவும் முடியாமல், கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டால் அது வேறு நிலைமை. அவரை முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். வெளியே வராவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். இந்த வயிற்று அழுத்தத்தை 1974-ல் ஹென்றி ஹைம்லிக் வெளியிட்டார். ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயிற்றில் அழுத்தக் கூடாது, நெஞ்சில்தான். கூடவே யாராவது அவசர உதவியை அழைக்க வேண்டும்.

இருமல் வருகிறது என்றால் காவல் விழித்திருக்கிறது என்று அர்த்தம். நான் அதிகம் பயப்படுவது இருமாதவர்களைப் பற்றி. பக்கவாதம் வந்து தேறிய ஒரு பெரியவரை வீட்டார் அழைத்து வந்தார்கள். மூன்று மாதத்தில் இரண்டு முறை நிமோனியா. "சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை, ஒரு தடவைகூடப் புரையேறினதில்லை" என்று மகள் சொன்னார். அவருக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர் கொடுத்து, விழுங்கியதும் "ஐயா, 'ஆ'ன்னு சொல்லுங்க" என்றேன். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலக் குமிழியிட்டது. எக்ஸ்ரே வீடியோவில் பேரியம் கலந்த திரவம் குரல்நாண்களுக்கு நடுவே அமைதியாக இறங்கி மூச்சுக்குழாய்க்குள் போனதைப் பார்த்தோம். அவருடைய முகத்தில் ஒரு சலனமும் இல்லை. உணர்வு நரம்பு மங்கிப்போனதால் காவல்காரன் தூங்கிவிட்டான். சாப்பாட்டுக்குப் பின் குரல் ஈரமாகக் கரகரப்பது, காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளியும் காய்ச்சலும் வருவது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பைவிட நிறைய நேரம் எடுப்பது, எடை குறைவது. வயதானவர்களிடம் இதைக் கண்டால் "இருமல் இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, இவர்களுக்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் கடினமான உணவு. அது வேகமாக ஓடும், தளர்ந்த தசை மூடுவதற்குள் முந்திக்கொள்ளும். கெட்டியான திரவம் மெதுவாகப் போவதால் நேரம் கிடைக்கும். அந்தப் பெரியவருக்குத் தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்கச் சொல்லிக்கொடுத்தோம். அந்த ஒரு கோண மாற்றமே அவருக்குப் பெரிய வித்தியாசத்தைத் தந்தது. எல்லோருக்கும் அது பொருந்தாது, சிலருக்கு எதிராகவும் போகலாம். அதனால் பரிசோதித்துப் பார்க்காமல் இதை வீட்டில் முயல வேண்டாம்.

இப்போது குரல். விக்டர் நீகஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1920-களில் பல விலங்குகளின் குரல்வளைகளை வரிசையாக அறுத்து ஆராய்ந்து சொன்னது, குரல்வளை முதலில் நுரையீரலுக்குள் தண்ணீரும் உணவும் போகாமல் தடுக்கும் வால்வாகத்தான் தோன்றியது என்பது. நுரையீரல் மீனுக்குக்கூட அப்படி ஒரு எளிய வால்வு உண்டு. குரல் பிற்பாடு வந்தது. மூடுவதற்காக ஏற்பட்ட மடிப்புகளைக் காற்றில் அதிர வைத்துப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறோம். மூடும் வேலை இன்றும் நடக்கிறது. கனமான பொருளைத் தூக்கும்போது உங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள் அல்லவா? குரல்நாண்கள் மூடி, நெஞ்சுக்குள் காற்றை அடைத்து, உடம்பை விறைப்பாக்குகின்றன. தூக்கி இறக்கியதும் 'ஹா' என்று வரும் சத்தம் அந்த வாசல் திறக்கும் ஓசை. விக்கலிலும் இதே வாசல்தான்: உதரவிதானம் திடீரென்று இழுக்க, நொடியின் நூறில் சில பங்குக்குள் குரல்நாண்கள் அறைந்து மூடுகின்றன, 'விக்' என்கிறது.

நாண் என்ற பெயர் 1741-ல் வந்தது. அந்துவான் ஃபெர்ரென் என்ற பிரெஞ்சு உடற்கூறு அறிஞர், இறந்த உடல்களிலிருந்து எடுத்த குரல்வளைகளுக்குள் காற்றை ஊதி ஒலி எழுப்பிப் பார்த்தார். வயலின் தந்தியை வில் உரசுவது போல, இந்தத் தந்திகளைக் காற்று உரசுகிறது என்று நினைத்து அந்தப் பெயரை வைத்தார். அழகான கற்பனை, ஆனால் பாதிதான் சரி. உயிருள்ள மனிதனின் குரல்நாண்களை முதலில் தெளிவாகப் பார்த்தவர்களில் முக்கியமானவர் மருத்துவர் அல்ல, பாட்டு வாத்தியார். மனுவேல் கார்சியா 1854-ல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, கைக்கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் பாய்ச்சி, தன் குரல்வளை திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். குரல்வளையைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் முறை மருத்துவத்துக்குள் வர அதுவே வழிவிட்டது. அவர் 101 வயது வரை வாழ்ந்தார்.

இன்று நாங்கள் பார்ப்பது மூக்கு வழியாக விடும் மெல்லிய கேமராவில். மூச்சிழுக்கும்போது முத்து நிறத்தில் இரண்டு மடிப்புகள் முன்னால் சேர்ந்து பின்னால் விரிந்து, கவிழ்த்த 'V' என்று பாடப்புத்தகத்தில் போடும் அந்தக் கூம்பு வடிவத்தில் நிற்கும். நடுவில் கறுப்பாகத் தெரியும் இடைவெளிதான் மூச்சு. 'ஈ' என்று சொல்லச் சொன்னால் இரண்டும் நடுவுக்கு வந்து உரசி, விளிம்பு மங்கலாகிவிடும், அவ்வளவு வேகமான அதிர்வு. விட்டுவிட்டு மின்னும் விளக்கைப் போட்டு அதிர்வை மெதுவாக்கிக் காட்டினால் அது தந்தி ஆடுவது போலவே இருக்காது. குளத்தில் அலை போவது மாதிரி, மேல்தோலில் ஒரு ஈரமான அலை கீழிருந்து மேலே, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருண்டு போகும். காரணம் அதன் அமைப்பு: உள்ளே தசை, அதன்மேல் இறுக்கமான தசைநார், அதற்கு மேலே கூழ் போன்ற ஒரு தளர்ந்த அடுக்கு, அதன்மேல் மெல்லிய தோல். கூழின் மேல் தோல் வழுக்கி ஆடுவதுதான் குரல். சளி பிடித்தோ கத்தியோ இந்த அடுக்கு வீங்கினால் அலை கனத்துப்போகும், குரல் கம்மிவிடும்.

ஒவ்வொரு அதிர்வுக்கும் மூளை தனித்தனியாக நரம்பு வழியே உத்தரவு அனுப்புகிறது என்று 1950-ல் ரவூல் யூசோன் என்பவர் வாதிட்டார். 1958-ல் யான்வில்லம் வான் டென் பெர்க் அது தவறு என்று நிறுவினார். மூளை செய்வது மடிப்புகளை நெருக்கி, தேவையான அளவு இழுத்து வைப்பது மட்டும். அடியில் சேரும் காற்றழுத்தம் அவற்றைப் பிளக்கும், பிளந்ததும் அவற்றின் நெகிழ்வும் ஓடும் காற்றும் மறுபடி சேர்த்துவிடும், மறுபடி பிளக்கும். வயதுவந்த ஆணுக்கு இது நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறை, பெண்ணுக்கு 200-ஐ ஒட்டி. 200 என்றே வைத்தால், இடைவிடாமல் ஒலிக்கும் ஒரு மணி நேரத்தில் 7 லட்சத்து 20 ஆயிரம் மோதல்கள். நாள் முழுவதும் உரக்கப் பேசுகிறவர்களுக்கு நாணின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில் காய்ப்பு மாதிரி முடிச்சு விழுவது ஏன் என்று இந்தக் கணக்கே சொல்லும். அதிர்வு அதிகம் மோதும் புள்ளி அதுதான்.

பையன்களுக்கு மகரக்கட்டு உடையும் பருவத்தில் நாண்கள் நீண்டு தடிக்கின்றன, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. முன்னால் உள்ள கேடயக் குருத்தெலும்பு ஆண்களுக்கு ஏறத்தாழ 90 பாகைக் கோணத்திலும், பெண்களுக்கு 120 பாகைக் கோணத்திலும் மடிந்திருக்கும். கோணம் கூர்மையாவதால் ஆண்களின் கழுத்தில் மேடு துருத்திக்கொண்டு தெரிகிறது. பெண்களுக்கும் அதே குருத்தெலும்பு இருக்கிறது, மேடு மழுங்கியிருக்கும், அவ்வளவுதான்.

நாண்களில் பிறப்பது வெறும் ரீங்காரம். தொண்டைச் சுவரும் நாக்கும் மெல்லண்ணமும் உதடும் அதைச் செதுக்கி 'அ' என்றும் 'இ' என்றும் ஆக்குகின்றன. மூக்கு அடைத்திருக்கும்போது குரல் மாறாமல் பேச்சு மட்டும் மாறுவதும், குரல் கம்மினாலும் சொல் தெளிவாக இருப்பதும் இரண்டும் வெவ்வேறு இடங்களில் நடப்பதால்தான்.

குரலுக்குப் போகும் நரம்பு ஒரு தனிக் கதை. மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு குரல்வளையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, அங்கிருந்து ஒரு கிளை திரும்பி மேலே ஏறி வருகிறது. இடப்பக்கக் கிளை இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு வருகிறது. ஒட்டகச்சிவிங்கியில் இந்தச் சுற்று பல மீட்டர் நீளம். இரண்டாம் நூற்றாண்டிலேயே காலன் என்ற கிரேக்க மருத்துவர் அலறும் பன்றியின் இந்த நரம்பைக் கட்டி, சத்தம் நிற்பதைக் கூட்டத்துக்கு முன் காட்டினார். நமக்கு இதில் உள்ள பாடம், குரல்வளையில் ஒன்றும் இல்லாமலே குரல் போகலாம் என்பது. நுரையீரலின் மேல்பகுதியில் கட்டி, வீங்கிய மகாதமனி, தைராய்டு அறுவை என எது அந்த நரம்பைத் தொட்டாலும் முதலில் கரகரப்பாகத்தான் தெரியும்.

டான்சில் பற்றிச் சுருக்கமாக. தொண்டை வாசலைச் சுற்றி நோய் எதிர்ப்புத் திசு ஒரு வளையமாக அமைந்திருக்கிறது: பக்கங்களில் டான்சில், மேலே மூக்கின் பின்னால் அடினாய்டு, கீழே அடிநாக்கில் ஒரு திட்டு. நடுவில் தொங்கும் உள்நாக்கையே டான்சில் என்று நினைக்கிறவர்கள் உண்டு. டான்சில் அதன் இரண்டு பக்கமும் இருக்கும் உருண்டைகள். மேல்தொண்டையின் பக்கச் சுவரில் காதுக்குப் போகும் குழாயின் வாயும் இருக்கிறது. விழுங்கும்போது அது திறப்பதால்தான் விமானத்தில் அடைத்த காது எச்சில் விழுங்கியதும் 'பட்' என்று விடுபடுகிறது. தொண்டைக்கும் காதுக்கும் உணர்வு நரம்புகளும் பொதுவானவை, ஆகவே தொண்டைக் கோளாறு காது வலியாகவும் வரும்.

இதையெல்லாம் வைத்து நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். குடிக்கும் தண்ணீர் குரல்நாணைத் தொடுவதே இல்லை. தொட்டால் இருமித் தள்ளிவிடுவோம். தண்ணீர் உடம்பில் சேர்ந்து உள்ளிருந்துதான் நாணை ஈரமாக்க வேண்டும், அதற்கு நேரமாகும். பேசப் போகும் நிமிடத்தில் ஒரு டம்ளர் குடிப்பதைவிட நாள் முழுவதும் அவ்வப்போது குடிப்பது பலன் தரும். நேராக நாண்வரை போவது ஆவிதான். உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் டான்சில் இருக்கும் இடம்வரை இதம், அதற்குக் கீழே போகாது. அடிக்கடி தொண்டையைச் செருமுவதை விடுங்கள். ஒவ்வொரு செருமலும் இரண்டு நாண்களையும் ஒன்றோடொன்று அறைவது. எரிச்சலில் சளி கூடும், மறுபடி செருமத் தோன்றும். செருமத் தோன்றும்போது எச்சிலை விழுங்கிப் பாருங்கள். தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி என்று மருத்துவர் முடிவு செய்தால் மருந்தை அவர் சொன்ன நாள்வரை முடிக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளைக் கெடுக்கும்.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால், அதுவும் புகைபிடிப்பவராக இருந்தால், கேமரா வைத்துப் பார்த்துவிடுங்கள். குரல்நாணில் வரும் புற்றுநோய் ஆரம்பத்திலேயே குரலை மாற்றிக் காட்டிக்கொடுக்கும். அப்போதே பிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். ஒரு பக்கம் மட்டும் விடாத வலி, காதுக்குப் பரவும் வலி, கழுத்தில் கரையாத கட்டி, எச்சிலில் ரத்தம், நாளுக்கு நாள் கூடும் விழுங்கும் சிரமம் ஆகியவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம். கடும் தொண்டை வலியோடு எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டு, மூச்சிழுக்கும்போது கீச்சென்று சத்தம் வந்தால் அது மணிக்கணக்கில் தள்ளிப்போடும் விஷயமில்லை. உடனே மருத்துவமனை.

கடைசியாக அந்த உருண்டை. உணவுக்குழாயின் வாசலில் எப்போதும் இறுகியிருக்கும் தசை வளையம் என்று சொன்னேன் அல்லவா? மன அழுத்தத்தில் அது இன்னும் இறுகும். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று சொல்கிறோமே, அந்த அடைப்பு கற்பனை அல்ல. வயிற்று அமிலம் மேலே வந்து எரிச்சலூட்டுவதும், திரும்பத் திரும்பச் செருமுவதும், வெறும் எச்சிலை ஓயாமல் விழுங்கிச் சோதிப்பதும் அந்த உணர்வைக் கூட்டும். அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. எச்சில் விழுங்கும்போது உருண்டை தெரிந்து, சாப்பிடும்போது மறைந்துவிட்டால், பெரும்பாலும் அது தசை இறுக்கம். சாப்பாடு உண்மையிலேயே நின்று நின்று போகிறது, முதலில் கெட்டி உணவு, பிறகு மென்மையான உணவும் என்று கூடிக்கொண்டே வந்தால் அது உருண்டை உணர்வு இல்லை, அடைப்பு. முதல் வகைக்கு என்னிடம் வருகிறவர்களுக்குக் கேமராவில் அவர்களுடைய தொண்டையையே திரையில் காட்டிவிடுவேன். இரண்டு வெள்ளை மடிப்புகள் திறந்து மூடுவதையும், வழி காலியாக இருப்பதையும் பார்த்த பிறகு பலர் கையைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுகிறார்கள். இரண்டாம் வகையாக இருந்தால், அந்த வாரத்திலேயே உணவுக்குழாயை உள்நோக்கிப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவேன்.